ஒன்பது நெட்டு, மூணு அழுக்கு: குன்னூர் சரிவில் ஒரு வராண்டா

ஐப்பசி பிறந்து ஒரு வாரம் இருக்கும். டீச்சரம்மா போன் பண்ணினார். "தம்பி, வராண்டா நெட்டு ஒன்பதையும் கழட்டிப் போட்டுட்டு தீபாவளிக்குள்ள புதுசு மாட்டிக் குடு. பாக்கவே சகிக்கல."

எனக்கு அலுமினிய ஜன்னல், கதவு, கொசு நெட்டு அடிக்கிற வேலை. ஒன்பது நெட்டு என்றால் நாலு நாள் வேலை, கையில் நல்ல காசு. வந்த வேலையை வேண்டாம் என்று சொல்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. ஆனால் போய்ப் பார்த்தபோது அதில் ஏழு நெட்டை மாற்றத் தேவையே இல்லை என்று தெரிந்தது. மாற்றிக் கொடுத்திருந்தாலும் அடுத்த வருஷம் இதே ஐப்பசியில் இதே போன் வந்திருக்கும். வாடிக்கையாளர் திரும்ப வருவது நல்லதுதான். திட்டுவதற்குத் திரும்ப வருவது வேறு. அந்த வேலை தீபாவளிக்கு முடியவில்லை, பொங்கலுக்குத்தான் முடிந்தது. நடுவில் நான் செய்த தப்பையும் சேர்த்தே எழுதுகிறேன்.

வீடும் நெட்டும்

குன்னூர் 1,850 மீட்டர் உயரம். இந்த வீடு ஊருக்குக் கொஞ்சம் கீழே, மேட்டுப்பாளையம் ரோட்டை ஒட்டிய சரிவில் இருக்கிறது. தகரக் கூரை, முன்னால் நீள வராண்டா, மூன்று பக்கமும் நெட்டு. எல்லாம் ஒரே நாளில் போட்டதல்ல, அவ்வப்போது கையில் இருந்த காசுக்குத் தக்கபடி வந்து சேர்ந்தவை. பள்ளத்தாக்கைப் பார்த்து நாலு, குளியலறைப் பக்கம் இரண்டு, இவை ஆறும் சாம்பல் நிற ஃபைபர் நெட்டு, அலுமினிய ஃபிரேம். ரோட்டுப் பக்கம் இரண்டு பழைய ஜி.ஐ. கம்பி வலை, அதாவது துத்தநாகம் பூசின இரும்புக் கம்பி, பச்சைப் பெயின்ட் அடித்த மரச்சட்டத்தில் ஆணி வைத்து அடித்தது. வாசல் கதவுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வலை, 304 கிரேடு.

முதலில் மாஸ்கிங் டேப்பில் 1 முதல் 9 வரை எழுதி ஒட்டினேன். கழற்றின பிறகு எது எங்கே இருந்தது என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது. பழைய வீட்டு ஜன்னலில் இரண்டு ஃபிரேம் ஒரே அளவாக இருப்பது அபூர்வம். அப்புறம் டீச்சரம்மாவிடம் ஒரு பழைய வெள்ளை வேட்டி கேட்டு வாங்கி, ஒன்பது துண்டாகக் கிழித்து, நனைத்துப் பிழிந்து, ஒவ்வொரு நெட்டிலும் ஒரு கைப்பிடி அகலம் துடைத்து வரிசையாகத் திண்ணையில் போட்டேன்.

மூன்று நிறம் வந்தது. பள்ளத்தாக்குப் பக்கத்து நாலும் பச்சை, தொட்டால் வழுவழு, பாசி. ரோட்டுப் பக்கமும் வாசல் கதவும் செம்மண் நிறம், கம்பி வலையில் அதோடு துருவும். குளியலறைப் பக்கத்து 5, 6 மட்டும் கருப்பும் பழுப்பும் கலந்த பிசுக்கு. துணியை முகர்ந்து பார்த்தால் ஈர விறகு எரிந்த வாடை.

டீச்சரம்மாவுக்கு அந்தக் கருப்பு எங்கிருந்து வந்தது என்பதில் சந்தேகமே இல்லை. "எல்லாம் ரயில் புகை தம்பி. முப்பது வருஷமா பாத்துட்டுத்தானே இருக்கேன்."

மலை ரயில் 1899-இல் குன்னூர் வரை வந்தது, 1908-இல் ஊட்டி வரை போனது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை இன்றும் நீராவி இன்ஜின்தான் பின்னால் நின்று தள்ளிக்கொண்டு வருகிறது. ஒரு காலத்தில் நிலக்கரி, பிறகு எண்ணெயில் எரிகிற இன்ஜின்கள் வந்தன. புகை இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் தண்டவாளம் இருப்பது பள்ளத்தாக்குப் பக்கம். ரயில் புகை என்றால் 1 முதல் 4 வரைதான் அதிகம் கறுத்திருக்க வேண்டும். தண்டவாளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கிற 5-உம் 6-உம் ஏன் கறுக்கின்றன? அதிலும் மேல் பாதிதான் கரி, கீழ்ப்பாதி அவ்வளவு இல்லை.

அந்த இரண்டு நெட்டுக்கும் நாலடி தள்ளிதான் வெந்நீர் பாய்லர். காலையில் ஐந்தரைக்குப் பற்றவைத்தால் எட்டு மணி வரை எரியும். கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகை (வாட்டில்) விறகும். மழைக்காலத்தில் பாதி ஈரமாகத்தான் எரிப்பார்கள். அதன் புகைக்குழாய் கூரை விளிம்புக்குக் கீழேயே முடிந்துவிட்டது. புகை மேலே போக வழியில்லாமல் கூரைக்கு அடியில் தேங்கி, நெட்டு வழியாக வடிந்து வெளியேறுகிறது. ஈர விறகுப் புகையில் கரி மட்டும் வருவதில்லை, தார் மாதிரி ஒரு பிசினும் சேர்ந்து வரும். அது நூலில் ஒட்டும், அதன் மேல் தூசி ஒட்டும், அதன் மேல் மறுபடி பிசின். இதைச் சொன்னபோது டீச்சரம்மா பாய்லரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

அழுக்கு எவ்வளவு காற்றை மறிக்கும்

கண்ணுக்கு அசிங்கம் என்பதற்கு மேல் இதில் ஒரு கணக்கு இருக்கிறது. கடையில் விற்கிற சாதாரண ஃபைபர் நெட்டு அங்குலத்துக்கு 18க்கு 16 கண், அதாவது நூலுக்கு நடுவே இருக்கிற ஓட்டை. நூலின் தடிமன் சுமார் 0.28 மி.மீ. புது நெட்டில் மொத்தப் பரப்பில் ஏறக்குறைய 66 சதவீதம் திறந்த ஓட்டை. நூலைச் சுற்றி ஒவ்வொரு பக்கமும் 0.1 மி.மீ. பிசுக்கு ஏறினால் போதும், அதாவது ஒரு தாளின் கனம், திறந்த இடம் 46 சதவீதமாக இறங்கிவிடும். மூன்றில் ஒரு பங்குக் காற்றுவழி போச்சு. வெளிச்சமும் அப்படியே. டீச்சரம்மா மதியம் மூன்று மணிக்கே வராண்டாவில் லைட் போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்ததற்குக் கண்ணாடி பவர் காரணமில்லை.

பள்ளத்தாக்குப் பக்கத்துக் கதை இன்னும் சுவாரசியம். வடகிழக்குப் பருவத்தில் கீழே சமவெளியிலிருந்து மூடுபனி ஏறி வரும்போது அந்த நாலு நெட்டும் அதை வடிகட்டுகின்றன. மழையே பெய்யாத நாளில்கூடக் காலையில் ஃபிரேமின் கீழ்ச்சட்டத்தில் தண்ணீர் நிற்கும். சிலி, மொராக்கோ மலைகளில் இதே மாதிரி வலை கட்டித்தான் மூடுபனியைக் குடிநீராக்குகிறார்கள். இங்கே நாம் கேட்காமலே அது நடக்கிறது, வருகிற தண்ணீரைப் பாசி குடிக்கிறது. அழுக்கேறின நெட்டில் கண் சிறுத்துப்போவதால் ஒவ்வொரு கண்ணிலும் தண்ணீர் ஒரு படலமாகப் பிடித்து நிற்கும். சீக்கிரம் காயாது. காயாததால் இன்னும் பாசி.

வீட்டில் முன்பே நடந்த வைத்தியங்கள்

நான் வருவதற்கு முன்னாலேயே இரண்டு முறை சுத்தம் செய்யப் பார்த்திருக்கிறார்கள். ஒரு தடவை, காய்ந்த தூசியைத் தட்டாமலே ஹோஸ் வைத்து நேராக அடித்திருக்கிறார்கள். தூசி சேறாகி ஃபிரேம் மூலையில் இறங்கி, கீழ் ட்ராக்கில் தண்ணீர் வடிகிற சின்ன ஓட்டைகளை அடைத்துவிட்டது. ட்ராக்கில் ஒரு விரல் ஆழத்துக்குத் தண்ணீர். டார்ச் அடித்துப் பார்த்தேன், கொசுப்புழு நெளிந்தது. கொசுவை மறிக்க மாட்டின நெட்டின் காலடியிலேயே கொசு வளர்ப்பு.

இன்னொரு தடவை வாசல் கதவில் பாத்ரூம் ஆசிட்டை ஊற்றித் தேய்த்திருக்கிறார்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருப்பிடிக்காது என்ற நம்பிக்கை. அந்த ஸ்டீலைக் காப்பது அதன் மேலிருக்கிற குரோமியம் ஆக்சைடு படலம், கண்ணுக்குத் தெரியாத மெல்லிசு. பாத்ரூம் ஆசிட்டில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம், அதிலிருக்கிற குளோரைடு அந்தப் படலத்தைத்தான் முதலில் உடைக்கும். ஒரு வாரத்தில் வலை முழுக்கப் பழுப்புப் புள்ளி. ஆசிட் சரிப்படாததால் அடுத்து பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றலாம் என்று இருந்தார்களாம். நல்லவேளை, யாரோ விருந்தாளி வந்து அந்த வேலை நின்றுபோனது. ஆசிட் ஈரம் இருக்கிற இடத்தில் பிளீச் பட்டால் குளோரின் வாயு கிளம்பும். திறந்த வராண்டாவானாலும் பக்கத்தில் நின்று தேய்க்கிறவருக்கு மூச்சு முட்டும்.

பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் தின்னர் போட்டுத் துடைக்கச் சொன்னாராம். ஃபைபர் நெட்டு என்பது கண்ணாடி இழை, அதன் மேல் பி.வி.சி. பூச்சு. தின்னர் அந்தப் பூச்சை இளக்கிவிடும். அதைச் செய்யாமல் விட்டதற்கு டீச்சரம்மாவைப் பாராட்டினேன்.

முதல் கழுவல், என் தப்பு

ஐப்பசியில் தீபாவளிக்கு ஐந்து நாள் முன்னால் வேலையை எடுத்தேன். கம்பி வலை இரண்டையும் முதலிலேயே ஒதுக்கினேன். ஜி.ஐ. கம்பியில் ஒரு இழையை நகத்தால் நிமிண்டி இரண்டு தடவை மடக்கினேன், பொட்டென்று ஒடிந்தது. துத்தநாகப் பூச்சு போய், உள்ளிருக்கிற இரும்பும் அரித்துவிட்டது. அதைக் கழுவினால் அழுக்கோடு வலையும் போகும். ஃபைபருக்கு வேறு சோதனை. உள்ளங்கையால் வருடினால் வெள்ளைத் தூள் வந்தாலோ, கண்ணாடி இழை முள்ளாகக் குத்தினாலோ, வெயிலில் பூச்சு போய்விட்டது என்று அர்த்தம். இங்கே ஆறும் தேறின.

ஏழையும் கழற்றி, காய்ந்த தூசியை மென்மையான பிரஷ்ஷால் தட்டி, பாத்திரம் கழுவுகிற லிக்விட் கலந்த வெந்நீரில் கழுவினேன். 6-ஆம் நெட்டில் பிசின் போகவில்லை என்று சலவை சோடா கொஞ்சம் கூடுதலாகப் போட்டேன். பிசின் போயிற்று. ஆனால் அலுமினிய ஃபிரேமின் பளபளப்பும் கூடவே போயிற்று. காரம் பட்டால் அலுமினியம் வெளுத்து மங்கும். தினம் அலுமினியத்தோடு புழங்குகிறவன், எனக்குத் தெரிந்த விஷயம்தான். அவசரத்தில் கை போய்விட்டது. அந்த ஃபிரேமின் கீழ்ச்சட்டம் இன்றைக்கும் மற்றதைவிட மங்கலாகத்தான் இருக்கிறது. டீச்சரம்மா கண்டுபிடித்தார். அதற்குக் காசு வாங்கவில்லை.

அதைவிடப் பெரிய தப்பு அடுத்தது. மூன்று நாள் வெயில் எட்டிப் பார்க்கவில்லை. வராண்டாவிலேயே சாய்த்து வைத்திருந்த நெட்டுகள் மூடுபனியில் மறுபடி நனைந்துகொண்டே இருந்தன. தீபாவளிக்கு முதல்நாள், "எப்படியாவது மாட்டிடு தம்பி, பிள்ளைங்க வர்றாங்க" என்றார். ஈரத்தோடு மாட்டினேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. திருக்கார்த்திகைக்கு விளக்கேற்றுகிற சமயம் போன் வந்தது. 2, 3 இரண்டிலும் கீழ் ஒரு சாண் அளவுக்குப் பச்சை திரும்பிவிட்டது. நெட்டை ஃபிரேமில் இறுக்கிப் பிடிக்கிற ரப்பர் பீடிங்கின் இடுக்கில் பாசி மிச்சமிருந்தது, ஈரம் இருந்தது, வேறென்ன வேண்டும் அதற்கு?

போகிக்கு இரண்டாம் தடவை

மழை நின்று, மார்கழிக் கடைசியில் காலையில் பனியும் பகலில் சுள்ளென்ற வெயிலும் வந்த பிறகுதான் மறுபடி கை வைத்தேன். போகிக்கு நாலு நாள் முன்னால். பழையதைக் கழிக்கிற நாள் தையின் வாசலில் வந்ததற்கு வேறு காரணங்கள் இருக்கலாம். என் தொழிலுக்கு அது கச்சிதமாக ஒத்துப்போகிறது. இந்த மலையில் நெட்டுக் கழுவ அதைவிட நல்ல காலம் கிடையாது.

5-ஆம் நெட்டைக் கழுவினதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், மற்றதெல்லாம் இதிலிருந்து அடங்கிவிடும். முற்றத்தில் பழைய கம்பளியை நாலாக மடித்து விரித்து அதன் மேல் நெட்டைப் படுக்கவைத்தேன். நிற்கவைத்துத் தேய்த்தால் கை அழுத்தத்தில் நெட்டு தொய்ந்து, பீடிங்கை விட்டுப் பிதுங்கிவிடும். கீழே கம்பளி இருந்தால் அழுத்தத்தை அது வாங்கிக்கொள்ளும், கண்ணுக்குள்ளே நுழைந்து மறுபக்க அழுக்கையும் கொஞ்சம் உறிஞ்சும். முதலில் காய்ந்த பிரஷ், இரண்டு பக்கமும். பிறகு கை பொறுக்கிற சூட்டில் அரை பக்கெட் தண்ணீர், ஒரு ஸ்பூன் லிக்விட். பாய்லரிலிருந்தே வெந்நீர் எடுத்தோம், கரியைப் பூசினதும் அதுதான், கழுவிக் கொடுத்ததும் அதுதான். ஸ்பாஞ்சில் முக்கி நெட்டு முழுக்க ஒற்றிவிட்டுப் பத்து நிமிஷம் சும்மா இருந்தேன். இந்தச் சும்மா இருப்பதுதான் ஐப்பசியில் நான் செய்யாதது. பிசின் ஊறி இளகினால் பலம் தேவையில்லை, சோடாவும் தேவையில்லை. பிறகு குழந்தைகள் பல் துலக்குகிற மாதிரி மெல்லிய பிரஷ், மேலிருந்து கீழே, ஒரே திசை. நுரை முதலில் டிகாஷன் நிறத்தில் வந்தது, இரண்டாம் கையில் டீ நிறம், மூன்றாம் கையில் பால் கூடின டீ. அதோடு நிறுத்தினேன். வெள்ளையாக வரும்வரை தேய்க்கவேண்டும் என்று நினைத்தால் நூல் நைந்துபோகும்.

டீச்சரம்மா பூந்திக்கொட்டைதான் நல்லது என்று ஒரு சட்டி ஊறவைத்திருந்தார். வீட்டு மனுஷரைப் பகைத்துக்கொள்ள முடியாது, சோதித்துப் பார்க்கவும் ஆசை. 6-ஆம் நெட்டில் ஐப்பசிக்குப் பிறகு ஏறியிருந்த புதுப் புகையில் பாதிக்கு அது, பாதிக்கு லிக்விட். பூந்திக்கொட்டையும் அழுக்கை எடுத்தது, ஆனால் இரண்டு தடவை போடவேண்டியிருந்தது. ஃபிரேமுக்கு ஒரு சேதமும் இல்லை. பழைய பிசினுக்கு லிக்விட், வருஷா வருஷம் கழுவுகிறவருக்குப் பூந்திக்கொட்டை போதும் என்பது என் தீர்ப்பு. டீச்சரம்மா அதில் முதல் பாதியைக் காதில் வாங்கவில்லை.

பாசி நெட்டு நாலையும் ஈரமாக இருக்கும்போதே தேய்த்தேன், காய்ந்த பாசி நூலோடு ஒட்டிக்கொள்ளும். பீடிங்கைக் கழுவவில்லை, உருவி எறிந்துவிட்டுப் புது ரப்பர் போட்டேன். கரும்புள்ளி பிடித்த பீடிங்கைச் சுத்தம் செய்கிற நேரத்தில் புதுசு இரண்டு தடவை போட்டுவிடலாம். ட்ராக் ஓட்டைகளைத் தென்னை ஈர்க்கால் குத்தி, ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி, வெளியே சொட்டுகிறதா என்று பார்த்தேன். ஒன்றில் மட்டும் சொட்டவில்லை. கட்டின அன்றைக்கே சிமென்ட் உள்ளே போயிருக்கிறது. டிரில் போட்டுத் திறந்தேன்.

வாசல் கதவின் பழுப்புக்கு எலுமிச்சைச்சாறு, மெல்லிய பிரஷ், நிறையத் தண்ணீர். கறை பெரும்பாலும் போயிற்று. ஆசிட் அரித்த சின்னக் குழிகள் அப்படியே இருக்கின்றன, அதற்கு மருந்து இல்லை. ரோட்டுப் பக்கம் இரண்டுக்கும் மரச்சட்டத்தை வைத்துக்கொண்டு புது ஸ்டீல் வலை அடித்தேன்.

அலசலுக்கு மொத்தம் பதினான்கு பக்கெட் ஆயிற்று. ரேலியா அணைத் தண்ணீர் குழாயில் வருகிற நாளுக்குக் காத்திருக்கிற ஊர் இது, அதனால் கணக்கு வைத்தேன். ஹோஸ் பிடித்திருந்தால் மூன்று மடங்கு ஆகியிருக்கும். குவளையால் மேலிருந்து ஊற்றினால் ஒரு நெட்டுக்கு இரண்டு பக்கெட் தாராளம்.

காயவைப்பதற்கு ஒரு முழுநாள் ஒதுக்கினேன். நெட்டை நேராக நிறுத்தி, உதறி, கண்ணில் நிற்கிற தண்ணீரைப் பழைய துண்டால் ஒற்றி, காற்றோட்டமான நிழலில் இரண்டு மணி நேரம், பிறகு வெயில். மாலை நாலு மணிக்கு மூடுபனி கிளம்புவதற்கு முன்னால் உள்ளே எடுத்துவிட்டேன். மறுநாள் காலையில் பீடிங் இடுக்கில் டிஷ்யூ பேப்பரைச் செருகி எடுத்துப் பார்த்தேன், ஈரம் இல்லை. அதற்குப் பிறகுதான் மாட்டினேன்.

கடைசியாகப் பாய்லர் புகைக்குழாயைக் கூரை விளிம்புக்கு மேலே மூன்றடி உயர்த்தி ஒரு குல்லா போட்டேன். இது நெட்டு வேலை இல்லை. ஆனால் இதைச் செய்யாமல் 5-ஐயும் 6-ஐயும் கழுவினது வீண் வேலையாகியிருக்கும்.

சித்திரையில் பார்த்தது

மே சீசன் நெருக்கடி தொடங்குவதற்கு முன்னால் ஒரு நடை போனேன், கையில் வெள்ளைத் துணியோடு. 5, 6 இரண்டிலும் லேசான சாம்பல், பிசுக்கு இல்லை. 2, 3, 4 மூன்றும் பழுது இல்லை. ஒரு கோடைமழைக்குப் பிறகு ட்ராக்கில் தண்ணீர் நிற்கவில்லை என்று டீச்சரம்மாவே சொன்னார். மதியம் லைட் போடாமல் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

1-ஆம் நெட்டில்தான் ஒரு சங்கதி. பள்ளத்தாக்கு ஓரத்தில், பாய்லரிலிருந்து வெகுதூரம். துணியில் மெல்லிய கருப்புப் பொடி வந்தது. பிசின் இல்லை, விறகு வாடையும் இல்லை. ரோட்டில் ஏறுகிற லாரிப் புகையாக இருக்கலாம் என்றேன். சொல்லி வாய் மூடவில்லை, கீழே வளைவில் இன்ஜின் கூவிற்று. டீச்சரம்மா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"அது என்ன தம்பி, லாரியா?"

துணியை மடித்துப் பையில் போட்டுக்கொண்டேன்.